‘முன்’ என்று எழுதிய படம்

என் அண்ணியின் தொடையைப் பற்றி இந்தக் கட்டடத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். நான்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெறும் தொடை விஷயம் என்றால் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் தினமும் படகில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகிற ஒரு டீச்சர் நீச்சல் படிப்பாரா, மாட்டாரா என்பது இதில் வந்து மாட்டிக்கொண்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அதனால் சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம்.

அண்ணி என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. நீச்சல் குளத்தில் பெண்கள் வகுப்பு எடுக்கிறாள். படிக்க வருகிறவர்களுக்கு அவள் கோச்சக்கா. நான் அதே குளத்தில் துண்டு அறையில் இருக்கிறேன். உலர்ந்த துண்டைக் கொடுப்பது, ஈரத் துண்டை வாங்கி மெஷினில் போடுவது, காய வைப்பது, மடிப்பது என்று என் பிழைப்பு ஓடுகிறது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று அளக்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். எங்களுக்குள் சண்டை வராது என்று சொல்லவில்லை, வாரத்துக்கு ஒன்று வரும். ஆனால் வெளி ஆள் யாராவது அவளை ஒரு சொல் சொன்னால் எனக்குக் கண் மண் தெரியாது.

முப்பது வயது வரைக்கும் அண்ணிக்கே நீந்தத் தெரியாது. அவள் இந்தக் குளத்துக்கு முதலில் வந்தது தரை தேய்க்க. குளத்தைக் காலி செய்து டைல்ஸ் தேய்க்கிற நாளில், ஆழமான பக்கம் இறங்க அவளுக்குக் கால் நடுங்குமாம். சொட்டுத் தண்ணீர் இல்லாத குளத்தில் பயந்து நின்றவள் நான் ஒருத்திதான் என்று சொல்லி இன்றைக்கும் சிரிப்பாள். அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டி, வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகி, பரீட்சை எழுதித் தேறி, கடைசியில் அதே குளத்தில் விசில் மாட்டிக்கொண்டாள். டைல்ஸ் தேய்த்த காலத்தில் விழுந்து கிழித்துக்கொண்ட தழும்பு இடது முழங்காலில் பிறைபோல இருக்கிறது.

அவளிடம் வருகிறவர்கள் குழந்தைகள் இல்லை. பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, தண்ணீரைக் கண்டால் உயிர் போகிற பெண்கள். அவர்களுக்காகவே அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். முதல் வாரம் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, வாய் வலிக்கப் பேச வேண்டும். மாமியார் கதை, பல் வலி, பக்கத்து வீட்டு நாய், எதுவானாலும் சரி. உட்கார்ற வாரம் என்று அதற்குப் பெயர். காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்து அரட்டை அடிக்கிறதா என்று ஆரம்பத்தில் முணுமுணுக்கிறவர்கள்கூட மூன்றாம் நாள் சீக்கிரமே வந்து இடம் பிடிப்பார்கள்.

அந்த வாரத்தில் நடக்கிற முக்கியமான காரியம் என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் உடையில் நாலு பேர் முன்னால் நடப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. எல்லோரும் என்னிடம் இரண்டு துண்டு கேட்பார்கள். ஒன்று துவட்ட, இன்னொன்று இடுப்பைச் சுற்ற. சுற்றிய துண்டோடு வந்து, துண்டோடு உட்கார்ந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணி துண்டு இல்லாமல் வந்து நடுவில் உட்காருவாள். உட்கார்ந்தால் தொடை பரந்துவிடும். தோலில் இருக்கிற குழி, மேடு, சுருக்கம் அத்தனையும் பகல் வெளிச்சத்தில் பட்டவர்த்தனமாகத் தெரியும். அவள் அதைப் பற்றி மூச்சுவிட மாட்டாள். பக்கத்தில் இருப்பவள் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்ப்பாள், அப்புறம் இன்னொரு தடவை பார்ப்பாள். இவங்களுக்கும் நம்மள மாதிரிதானா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் துண்டு அவிழ்ந்து முதுகுப் பக்கம் போய்விடும். துண்டு போன பிறகுதான் பயம் போகும், பயம் போன பிறகுதான் நீச்சல் வரும். அண்ணியின் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

இதில் மண்ணை அள்ளிப் போட வந்தவர் மேடம். போன வருஷம் குளத்தையும் கட்டடத்தையும் குத்தகைக்கு எடுத்தார். பேச்சில் தேன் சொட்டும். தோட்டக்காரரிலிருந்து என்வரைக்கும் எல்லோரையும் ‘டா’ போட்டுக் கொஞ்சுவார். அந்தக் கொஞ்சல் எனக்கு ஆகவே ஆகாது. மாடியில் சும்மா கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தைக் காலி செய்து தோல் அழகு கிளினிக் என்று ஒன்றைத் திறந்தார். கண்ணாடிக் கதவு, வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள், தொடையை உறிஞ்சி உருட்டுகிற மெஷின் ஒன்று, காபி வாசனை அடிக்கிற கிரீம். செல்லுலைட் என்ற வார்த்தையை எங்களுக்குக் கொண்டுவந்த புண்ணியவதி அவர்தான். அதுவரைக்கும் அந்தக் குழிகளுக்கு எங்களிடம் பெயரே கிடையாது. பெயர் இல்லாததைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

கிளினிக் திறந்த புதிதில் மேடம் அண்ணியைக் கூப்பிட்டு, நீங்க நம்ம ஸ்டாஃப், உங்களுக்கு இலவசம், பத்து சிட்டிங் வந்தால் தொடை மொழுமொழுவென்று ஆகிவிடும் என்றாராம். குளத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது உங்கள் கால்தானே என்று வேறு சொல்லியிருக்கிறார். அண்ணி அதை வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது வேடிக்கையாகத்தான் சொன்னாள். மேடம் மாதிரியே ‘டா’ போட்டுப் பேசிக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தேன். என் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இலவசம்தானே, செஞ்சுக்கோயேன். நல்லாத்தான் இருக்கும்” என்றான்.

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவள் காலைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. இப்போது சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள், அப்படியானால் இத்தனை நாளும் நல்லா இல்லை என்பதும் சேர்ந்தே இருந்தது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை வளைத்து வளைத்துத் தன் காலைப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன்.

அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். உன் தொப்பை சட்டைப் பொத்தானை அறுத்துக்கொண்டு வருகிறதே, அதைப் பற்றி அவள் என்றைக்காவது வாய் திறந்திருக்கிறாளா என்றேன். நான் சும்மா சொன்னேன், இதைப் போய்ப் பெரிசு பண்ணுகிறாயே என்றான். ஆம்பளைகளின் இந்தச் ‘சும்மா’வை ஒரு சாக்கில் கட்டி ஆற்றில் போட்டால் ஊரில் பாதிப் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மறுவாரம் அண்ணி மாடி ஏறினாள். முதல் சிட்டிங்குக்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். ஜன்னல் திரையைப் பிடிக்க ஆள் இல்லை என்று மேடம் என்னைக் கூப்பிட்டார். பக்கவாட்டு ஜன்னலை விரியத் திறக்கச் சொன்னார்கள். வெயில் சாய்வாக வந்து விழுந்தது. அண்ணியை ஒரு காலில் பாரம் போட்டுத் தளர்ந்து நிற்கச் சொல்லி எடுத்தார்கள். அந்த வெளிச்சத்தில் சிமென்டுச் சுவர்கூடக் குண்டும் குழியுமாகத்தான் தெரியும். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் உருட்டல். மெஷின் சதையைக் கவ்விக் கவ்வி இழுத்ததில் தொடை முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. குளோரின் தண்ணீர் பட்டால் எரிகிறது என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பெடுத்தாள். நீலம் வெளியே தெரியக் கூடாதென்று கணுக்கால் வரைக்கும் வருகிற இறுக்கக் கால்சட்டையைப் போட ஆரம்பித்தாள்.

எங்களிடம் நீந்த வருகிற தோல் டாக்டரம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். பெரிய பெண்ணானவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது இருக்கும், ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இருக்கும், தோலுக்கு அடியில் கொழுப்பும் நாரும் அமைந்திருக்கிற விதம் அது, நோயும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். கிரீமும் மெஷினும் தோலைக் கொஞ்ச நேரம் வீங்க வைக்கும், வீக்கத்தில் குழி மறையும், வடிந்தால் பழையபடி வந்துவிடும் என்றும் சொன்னார். அண்ணியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுபடியும் மாடி ஏறினாள்.

பத்தாவது சிட்டிங் முடிந்த கையோடு இன்னொரு போட்டோ. இந்த முறை ஜன்னல் திரையை நன்றாக மூடி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பெரிய விளக்கை நேர் எதிரே வைத்தார்கள். மெஷினில் அடிபட்டுச் சிவந்து வீங்கியிருந்த தொடையில் கிரீம் தடவி, குதிகாலை உயர்த்தி நிற்கச் சொன்னார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் நீலம்கூடத் தெரியாமல் படத்தில் தொடை மழமழவென்று இருந்தது. மேடம், யார் காதில் பூ சுற்றுகிறீர்கள், இது வெளிச்சம் செய்கிற வேலைதானே என்று அங்கேயே கேட்டுவிட்டேன். போட்டோன்னா அப்படித்தான் டா என்று என் கன்னத்தைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றேனே, அது என் சம்பளத்துக்குக் கொடுத்த மரியாதை.

அண்ணிக்கு அந்த வழவழப்பு மறுநாள் குளியல் வரைக்கும்கூட நிற்கவில்லை. கட்டடத்து வாசலில் மட்டும் அது நிலையாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஆள் உயரப் பலகை, அதில் இடுப்புக்குக் கீழே எடுத்த இரண்டு படங்கள். ஒன்றின்மேல் ‘முன்’, இன்னொன்றின்மேல் ‘பின்’. முகம் இல்லை. ஆனால் ஆரஞ்சுக் கோடு போட்ட அந்த நீச்சல் உடையும் முழங்கால் பிறைத் தழும்பும் யாருடையவை என்று குளத்தில் தெரியாத ஆள் உண்டா? படத்துக்குக் கீழே, இந்தத் தொல்லை உங்களுக்கும் உண்டா என்று ஒரு கேள்வி வேறு.

டீச்சர் சேர்ந்தது அந்தப் பலகை வந்த வாரம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் வேலை. நல்ல பருமன், மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல். போன மழைக்காலத்தில் அவர் போன படகு நடு ஆற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. எப்படியோ நிமிர்ந்து கரை சேர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது என்றார். அழகாக நீந்தவெல்லாம் வேண்டாம், கவிழ்ந்தால் மிதக்கத் தெரிந்தால் போதும், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். மழைக்காலம் வருவதற்குள் உங்களை மிதக்க வைப்பது என் பொறுப்பு என்று அண்ணி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அண்ணி அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த உட்கார்ற வாரம் உருப்படவில்லை. நடுவில் அண்ணி கணுக்கால் வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துண்டுகூட அவிழவில்லை. பேச்சும் எழும்பவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால், டாக்டருக்காகக் காத்திருக்கிற நோயாளிகள் வரிசை மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் தண்ணீரில் இறங்க வேண்டும். டீச்சர் துண்டோடேயே படியில் கால் வைத்தார். மற்ற நாளாக இருந்தால் அண்ணி விட்டிருக்க மாட்டாள். அன்றைக்கு, தானே மூடிக்கொண்டு நிற்கும்போது எந்த வாயால் சொல்வாள்? பின்பக்கமாக நடந்து இறங்கித் தோளைக் காட்டினாள். டீச்சர் ஒரு கையால் அவள் தோளையும் இன்னொரு கையால் துண்டையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஈரமான என் துண்டு எத்தனை கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியும். அது அவிழ்ந்து இறங்கி அவர் கால் இரண்டையும் சுற்றிக்கொண்டது. துண்டைப் பிடிக்கப் போய்த் தோளை விட்டுவிட்டார். மார்பளவுத் தண்ணீர்தான். அதற்குள் முழுசாக மூழ்கிப் போனார். அண்ணி முங்கிப் போய் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, துண்டை உருவி எறிந்தாள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்துப் போட்டோம்.

டீச்சர் டைல்ஸில் ஒருக்களித்துக் கிடந்து இருமினார். தண்ணீரெல்லாம் வெளியே வந்ததும் அவர் முதலில் தேடியது தண்ணீரில் விழுந்த தன் மூக்குக் கண்ணாடியை அல்ல. கையை நீட்டித் துண்டைத் துழாவினார். நான் கோபத்தில், உயிர் போகிற நேரத்திலும் இது எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார்.

“உங்க காலையே சீக்குன்னு வாசல்ல மாட்டி வச்சிருக்காங்க. நான் எப்படிக்கா துண்டை எடுப்பேன்?”

அண்ணி சொட்டச் சொட்ட எழுந்து மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே ஈரக் காலோடு போய் நின்று, வாசல் பலகையை எடுக்கச் சொன்னாள். மேடம் தரையில் தேங்கிய தண்ணீரைத்தான் பார்த்தார். பிறகு வழக்கம்போல் பூசி மெழுகினார். முகம் தெரியவில்லையே டா, யாருடைய கால் என்று யாருக்குத் தெரியும் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும் என்றாள் அண்ணி. சரி, உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ‘முன்’ படத்தை மட்டும் எடுத்துவிடலாம், ‘பின்’ அழகாகத்தானே இருக்கிறது, அது இருக்கட்டும் என்று மேடம் பேரம் பேசினார்.

“அதை எடுங்க. ‘முன்’ இருக்கட்டும்” என்றாள் அண்ணி. “அதுதான் என் கால். இன்னொண்ணு யாரோடதுன்னு எனக்குத் தெரியாது.”

மேடத்துக்கு முழி பிதுங்கியது. ‘முன்’ மட்டும் மாட்டிவைத்தால் எவள் மாடி ஏறுவாள்? பலகை சாயங்காலமே போய்விட்டது. அன்று நான் மனசுக்குள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் அண்ணி கால்சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய உடையில் வந்து, உட்கார்ற வாரத்தை மறுபடி தொடங்கி விளிம்பில் உட்கார்ந்தாள். நீலமெல்லாம் மஞ்சளாக மாறி, குழிகள் எல்லாம் அதது இடத்தில் பத்திரமாக இருந்தன. அந்த வாரத்துக்குள் மற்ற பெண்கள் துண்டை அவிழ்த்தார்கள், பேச்சு எழும்பியது, ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். வீட்டில் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பார்த்த பார்வையில் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான்.

டீச்சர் மட்டும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். பயம் தெளியட்டும் என்று விட்டோம். அண்ணி தினமும் தன் வலப்பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டே உட்கார்ந்தாள். யாராவது அங்கே உட்கார வந்தால், அது டீச்சருக்கு என்பாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் டீச்சர் வாசலில் நுழைந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். அண்ணி, டீச்சர் வந்துட்டாங்க என்று ஜன்னல் வழியே குரல் கொடுத்தேன். அவளுக்கு முகம் மலர்ந்து போனது. எனக்கும்தான். ஒரே ஒரு துண்டை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் என் பக்கம் திரும்பாமல் நேராக மாடிப்படிக்குப் போனார்.

அண்ணி எழுந்து ஓடி வந்து முதல் படியில் அவரைப் பிடித்தாள். டீச்சருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“பத்து சிட்டிங்தான் கோச்சக்கா. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலத்துல வந்துட்டிருந்தேன், நாலு முடிஞ்சிடுச்சு. கால் கொஞ்சம் சரியாகட்டும், வந்துடுறேன்” என்றார்.

இத்தனை வருஷத்தில் அண்ணி குளத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தண்ணீருக்குப் பயந்தவர்கள் முன்னால் கத்தக் கூடாது என்பது அவள் வைத்திருக்கிற சட்டம். அன்றைக்குக் கத்தினாள்.

“மூடிக்கிட்டு வாங்க டீச்சர். கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு வாங்க. நான் எல்லாரையும் வெளியே அனுப்பிடறேன், விளக்கை அணைச்சிடறேன். தண்ணிக்கு வாங்க. மழை வரப்போகுது.”

குளத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததுதான் தப்பாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சர் பையை எடுத்துத் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். இல்லக்கா, சரியானதும் கண்டிப்பா வர்றேன் என்று முணுமுணுத்துவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினார். கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டது. அண்ணி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் இறங்கி வந்தார். அவர் மேல் அந்தக் கிரீமின் காபி வாசனை அடித்தது. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அண்ணி அப்போதும் படியில்தான் இருந்தாள். டீச்சர் அவளைத் தாண்டிக் குடையை விரித்தார்.

“படகுக்கு நேரமாச்சு கோச்சக்கா” என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.